ஒன்றரை மில்லி

தலைமைச் செவிலி தொலைபேசியில் சொன்னதை முத்திரையம்மாள் கடைசிவரை கேட்டாள். இடையில் ஒரு "உம்" கூடக் கொட்டவில்லை. கேட்டு முடித்ததும், "எங்க பக்கத்துல அப்படி இருக்க வாய்ப்பே இல்லைம்மா. அந்தப் பொண்ணு சரியாப் பாத்திருக்க மாட்டா," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை மேசையில் வைத்தாள். அப்போது மணி ஒன்பது இருபது.

அவள் முதுகு நாற்காலியில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. வயது அறுபத்தாறு. கணவர் போன பிறகு இருபத்தாறு வருடமாகத் தொழிலையும் வீட்டையும் ஒரே கையில் பிடித்து நடத்துகிறவள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை வேளை, எவ்வளவு என்று தெளிவான தமிழில் எழுதித் தருவதுதான் அவர்கள் தொழில். முன்பு காகிதத்தில் தந்தார்கள். எட்டு வருடமாக இணையப் பக்கமாகத் தருகிறார்கள். நோயாளியிடம் ஒரு சீட்டு கொடுக்கப்படும். அதிலுள்ள கட்டக் குறியைக் கைபேசியால் ஸ்கேன் செய்தால் அவருடைய பக்கம் திறக்கும்.

பக்கம் வெளியே போகும் முன் வீட்டில் உள்ள நான்கு பேரும் அவரவர் கணினியில் தனித்தனியாகப் படிப்பார்கள். படித்தபின் பதிவேட்டில் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கடைசிக் கையெழுத்து அவளுடையது. அதன்மேல் ஒரு முத்திரை குத்துவாள். பெயர் வந்தது அப்படித்தான். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"என்னவாம் அத்தை?" என்றாள் மருமகள். எதிர் மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கூந்தலை அள்ளி முடிந்தபடி கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போன மூணு வயசுக் குழந்தை. வலிப்புக்கு மருந்து. ஒன்றரை மில்லி குடுக்கச் சொல்லியிருக்கு. அந்த அம்மாக்காரி நேத்து ராத்திரி பத்து மில்லி குடுத்திருக்கா. குழந்தை காலைல கண்ணு முழிக்கலை. ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க."

மருமகளின் கை கூந்தலிலேயே நின்றுவிட்டது.

"குழந்தை இப்போ எப்படி?"

"மூச்சு சீரா இருக்காம். கண்காணிப்புல வச்சிருக்காங்க. கேட்டா, அந்தப் பொண்ணு பக்கத்துல பத்துன்னுதான் போட்டிருந்துச்சுன்னு சொல்றாளாம்."

சன்னலோரம் உட்கார்ந்திருந்த முத்திரையம்மாளின் தம்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வீட்டில் அவருக்குப் பெயர் எழுத்து மாமா. அவர்கள் பக்கங்களில் வருகிற எழுத்துரு அவர் வரைந்தது. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு எழுத்தையும் தாளில் வரைந்து, பிறகு கணினியில் ஏற்றியவர். 'ழ'வின் கடைசிச் சுழிக்கு மட்டும் ஒரு மழைக்காலம் எடுத்துக்கொண்டதாக அவரே சொல்லுவார்.

"நாலு பேரு கண்டேன்னு கையெழுத்துப் போட்ட பக்கத்துல பத்து எங்கேருந்துக்கா வரும்?" என்றார் அவர். "தப்புப் பண்ணிட்டு நம்ம தலைல கட்டப் பாக்குறாங்க."

மருமகள் அந்தக் குழந்தையின் பக்கத்தைத் திறந்தாள். காலை ஒன்றரை மில்லி, இரவு ஒன்றரை மில்லி. ஒன்றுக்குப் பக்கத்தில், எழுத்து மாமா வரைந்த ½ என்ற அரைக் குறி அழகாக உட்கார்ந்திருந்தது. மாமாவின் கணினியில் பார்த்தாள். ஒன்றரை. அத்தையின் கணினியில் பார்த்தாள். ஒன்றரை. வேறு ஒரு பிரவுசரில் திறந்தாள். பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டுத் திறந்தாள். தன் கைபேசியில் திறந்தாள். எங்கே பார்த்தாலும் ஒன்றரை.

"போதுமா?" என்றாள் முத்திரையம்மாள்.

"அத்தை, எதுக்கும் கொஞ்ச நேரம் எல்லாப் பக்கத்தையும் நிறுத்தி வைக்கலாமா? காரணம் தெரிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம்."

"நிறுத்தினா என்ன அர்த்தம்?"

"ஒரு முன்னெச்சரிக்கை."

"தப்பை ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். இருபத்தாறு வருஷத்துல ஒரு தாளை இந்த வீடு திரும்ப வாங்கினதில்லை. வேலையைப் பாரு."

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகன் கூப்பிட்டான். வேறு வேலையாகக் காலையிலேயே மருத்துவமனைக்குப் போனவன், விஷயம் கேள்விப்பட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் யாரோ அழுவதும், சக்கர நாற்காலி உருளும் சத்தமும் கேட்டன.

"அம்மா, ஒரு மணிக்கு விசாரணை வைக்கிறாங்க. குழந்தைகள் நல அதிகாரியும் வர்றாங்க. நம்ம பக்கத்துல என்ன இருக்குன்னு கையெழுத்து வச்சு ஒரு லெட்டர் வேணுமாம். பக்கம் சரின்னா அந்தப் பொண்ணு கவனமில்லாமக் குடுத்ததாப் பதிவு ஆயிடும். அப்படி ஆச்சுன்னா குழந்தையை அவ கைல குடுக்க மாட்டாங்க. அவ புருஷன் வீட்டு ஆளுங்க இப்பவே 'எங்களுக்கு முதல்லயே தெரியும், அவளுக்கு எதுலயும் கவனம் கிடையாது'ன்னு பேசிட்டிருக்காங்க."

"அவ என்ன சொல்றா?"

"வேற ஒண்ணும் சொல்லலை. 'பத்துன்னு போட்டிருந்துச்சு, பத்துன்னு போட்டிருந்துச்சு'ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டு செவுத்தோரம் உக்காந்திருக்கா."

"அவ போன்ல பாத்தியா?"

"போன் அவ புருஷனோட அண்ணன் கைல. தர மாட்டேங்குறார். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்."

முத்திரையம்மாள் தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். 'எங்கள் பக்கத்தில் அளவு ஒன்றரை மில்லி என்றே உள்ளது' என்று தன் கைப்பட எழுதினாள். அவள் எழுத்து தம்பியின் எழுத்தைவிட நேராக நிற்கும். எழுதி முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.

மருமகள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள். அந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம். வந்த முதல் நாள் அவள் கையிலிருந்த கைபேசியை எழுத்து மாமா வாங்கி, அதில் வீட்டு எழுத்துருவை ஏற்றி, கைபேசியின் எல்லா எழுத்தும் அதிலேயே தெரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எந்தக் கணினிக்கும் கைபேசிக்கும் அதுதான் முதல் மரியாதை. "நம்ம எழுத்து ஏறாத எந்திரம் நம்ம வீட்டு எந்திரம் இல்லை," என்பது அத்தையின் வாக்கு. இன்னொரு சட்டமும் உண்டு. வேலையை வெளியார் எந்திரத்தில் திறந்து பார்க்கக் கூடாது. நோயாளியின் விஷயம் வெளியே நாலு பேர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம் அது. நாளாக ஆக, வெளியாரிடம் சரிபார்ப்பது மானக்குறைவு என்கிற இடத்துக்கு வந்து நின்றிருந்தது.

பத்தரைக்குப் படம் வந்தது. மங்கலான படம். கைபேசித் திரையைச் சாய்வாகப் பிடித்து, அவசரத்தில் எடுத்தது போலிருந்தது. மருமகள் அதைப் பெரிதாக்கினாள். ஒன்று என்ற இலக்கம் தெரிந்தது. அதையடுத்து ஒரு வெள்ளை வெளிச்சத் திட்டு. அதற்குள் ஏதோ ஒரு வட்டம் மாதிரி, ஒரு பெட்டி மாதிரி.

"ஒண்ணுக்குப் பக்கத்துல வேற ஏதோ இருக்கு அத்தை," என்றாள் மருமகள். "பாருங்க, இது மாமாவோட அரை இல்லை."

எழுத்து மாமா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "படம் மங்கல். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"மாமா, அரைக் குறியை நீங்க எந்த இடத்துல வச்சிருக்கீங்க? எல்லா ஃபான்டுலயும் அரைக்குன்னு உலகம் முழுக்க ஒரே நம்பர், ஒரு பொது இடம் இருக்கே, அங்கயா?"

"அங்க ஏன் வைக்கணும்? பொது இடத்துல வச்சா ஊர்ல இருக்குற கோணல் அரையெல்லாம் வந்து கலந்துக்கும். நான் தனியா ஒரு இடம் ஒதுக்கி வச்சிருக்கேன். நம்ம விசைப்பலகைல அடிச்சா அதுதான் விழும்."

"அப்போ நம்ம ஃபான்ட் இல்லாத போன்ல அந்த இடத்துல என்ன தெரியும்?"

"ஏன் இல்லாமப் போகும்? சர்வர்லேருந்து தானா இறங்குமே."

"இறங்குதான்னு நாம பாத்ததே இல்லையே மாமா. பக்கத்துல நாம எழுதியிருக்கிற வரி என்ன? இந்த எந்திரத்துல நம்ம எழுத்து இருந்தா அதை எடு, இல்லைன்னாத்தான் சர்வர்லேருந்து இறக்கு. நம்ம வீட்டுல எல்லாத்துலயும் ஏத்தி வச்சிருக்கோம். சர்வர்ல இருக்கிறது நம்ம கண்ணுக்குப் படவே படாது." அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். "இதுல ஒரு மெஷின்லேருந்து நம்ம ஃபான்டை எடுத்துட்டுத் திறந்து பாத்தாத் தெரிஞ்சிடும்."

"எடுக்கறதா?" எழுத்து மாமாவின் குரல் உயர்ந்தது. "நேத்து வந்த பொண்ணு என் எழுத்தை இந்த வீட்டை விட்டு வெளியே தள்ளச் சொல்லுது. கேட்டுட்டு இருக்கியே அக்கா."

"நாலு வருஷம் நேத்தா மாமா?" என்றாள் மருமகள்.

"உன் புருஷனுக்கு மூணு வயசா இருந்தப்பலேருந்து இந்த எழுத்து இந்த வீட்டுல இருக்கு. நீ எனக்குச் சொல்லித் தர்றே."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் முத்திரையம்மாள். பேனாவை எடுத்தாள். "எடுக்க வேணாம். என் கண்ணால பாத்தேன். ஒன்றரைதான். எனக்கு அது போதும்."

பேனா முனை தாளைத் தொடுவதற்குள் மருமகள் பேசினாள். எழுந்து நின்று பேசினாள். குரல் உயரவில்லை, ஆனால் அத்தை முன்னால் அவள் அப்படி நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"அத்தை, பாக்காததுக்குக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க. நீங்க பாத்தது நம்ம மெஷின்ல இருக்கிறதை. அந்தப் பொண்ணு பாத்ததை நீங்க பாக்கலை. இந்தத் தாள்ல நீங்க போடப்போற கையெழுத்து அதுக்குத்தான். பாக்காம எப்படிப் போடுவீங்க?"

எழுத்து மாமா அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

முத்திரையம்மாளுக்குக் காது மடல் சுட்டது. தன் பாடத்தைத் தன்னிடமே ஒப்பித்துக் காட்டுகிற துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. கோபம் தலைக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே பாதி வழியில் நின்றது. சரியான பேச்சுக்குத் தவறான பதில் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு.

"சோதனைச் சீட்டு ஒண்ணு அடி," என்றாள். "பேர் இருக்கக் கூடாது. அளவு மட்டும் அந்தக் குழந்தையோடது."

"யார்கிட்ட காட்டப் போறீங்க? நான் போறேன் அத்தை."

"வெளியார்கிட்ட கேக்கணும்னா இந்த வீட்டுல யார் கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

கீழ்த்தளத்தில் ஒரு தையற்காரி கடை வைத்திருந்தாள். மாடிப்படி இறங்குகிற இடத்தில்தான் கதவு. பதினோரு வருடமாக அவளைக் கடந்து போகிறபோது முத்திரையம்மாள் தலையை ஒரு விரற்கடை அசைப்பாள். அவளும் அசைப்பாள். பேச்சு அதற்குமேல் போனதில்லை. இன்று சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவில் நின்றபோது, தையற்காரி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வாயில் பிடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னம்மா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன் போன்ல இதைக் கொஞ்சம் திறந்து பாக்கணும்மா."

"உங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு எந்திரம் இருக்கு. என்னோட ஓட்டைப் போன்ல என்ன பாக்கப் போறீங்க? நல்லா இருக்கிற போனாவது தரட்டுமா, என் தங்கச்சிது?"

"உன்னோடதே போதும்."

தையற்காரி சீட்டை வாங்கினாள். கைபேசியின் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து விரிசல் ஓடியிருந்தது. கட்டக் குறிக்கு நேரே பிடித்தாள். ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றுகிற நேரத்தில் முத்திரையம்மாள் துணி வெட்டுகிற மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிவிட்டது. தையற்காரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தாள்.

"காலை, பத்து மில்லி. இரவு, பத்து மில்லி. சாப்பாட்டுக்குப் பிறகு. யாருக்கும்மா உடம்பு சரியில்லை?"

"இன்னொரு தடவை படி."

"பத்துங்க. ஒண்ணு, சைபர். சைபர் கொஞ்சம் சதுரமா இருக்கு. என் போன்ல எல்லாமே கோணல்தான், அதைக் கண்டுக்காதீங்க."

முத்திரையம்மாள் கைபேசியை வாங்கித் தன் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். எழுத்து அவர்கள் எழுத்தாகத்தான் இருந்தது. மற்ற எல்லாமே தம்பி வரைந்தபடி வரிசையாக நின்றன. ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும், இல்லாத எழுத்துக்குப் பிரவுசர் காட்டுகிற வெற்றுப் பெட்டி. ஒல்லியாக, உயரமாக, இலக்கத்தின் உயரத்துக்கே நின்றது. சின்னத் திரையில் அது பூச்சியம்தான். தெரியாத கண்ணுக்கு அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"உக்காருங்கம்மா," என்றாள் தையற்காரி. "முகமே வெளுத்துப்போச்சு. தண்ணி தரட்டுமா?"

"வேணாம். நீ நல்லா இருப்பே," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தாள். அதற்குமுன் அவள் அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை.

கதவைத் திறந்ததும் சொன்னாள். "பக்கத்தை எடு."

"அந்தக் குழந்தையோடதா அத்தை?"

"எல்லாத்தையும். இப்பவே."

மருமகள் உட்கார்ந்து நாலு தட்டுத் தட்டினாள். மணி பதினொன்று பத்து. முத்திரையம்மாள் மருத்துவமனையைத் தானே அழைத்தாள். தலைமைச் செவிலியிடம் மூன்று வாக்கியத்தில் சொன்னாள். எங்கள் பக்கம் தவறு. பாதி அளவு வருகிற இடத்திலெல்லாம் பெட்டி தெரிகிறது. யார் யாருக்கு அரை எழுதியிருக்கிறது என்று பட்டியல் இப்போது வரும், உடனே கூப்பிடுங்கள். செவிலி ஒரு கேள்வியும் கேட்காமல் வைத்துவிட்டாள். அந்த வேகத்தை முத்திரையம்மாள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டாள்.

"எப்போலேருந்து இப்படி?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் தன் கணினி முன்னால் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே, தன் எழுத்துருவைத் தன் கணினியிலிருந்து தானே நீக்கினார். 'நிச்சயமாக நீக்கவா' என்று அது ஒரு தடவை கேட்டது. ஆம் என்று தட்டினார். பிறகு பக்கத்தைச் சோதனைக்கு வைத்திருந்த பிரதியில் திறந்தார். பெட்டி. அடுத்த வரியிலும் பெட்டி.

"முந்தாநாள்," என்றாள் மருமகள் மெதுவாக. "பக்கம் திறக்க நேரமாகுதுன்னு ஆஸ்பத்திரில குறைப்பட்டாங்க. சர்வர்ல இருக்கிற ஃபான்ட் கோப்பைச் சின்னதாக்கச் சொன்னீங்க. தேவையான எழுத்தை மட்டும் வச்சு மிச்சத்தை வெட்டினோம். பழைய கோப்பு ஏற்கெனவே இறங்கியிருந்த போன்ல எல்லாம் ஒழுங்காத்தான் தெரிஞ்சிருக்கும். முந்தாநாளுக்கு அப்புறம் புதுசாத் திறந்தவங்களுக்குத்தான் இந்தப் பெட்டி."

"எது தேவைன்னு பட்டியல் யார் குடுத்தது?"

"நான்," என்றார் எழுத்து மாமா. "உயிரெழுத்து, மெய்யெழுத்து, எண், புள்ளி எல்லாம் எழுதினேன். அரையை எழுதலை."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "அது பட்டியல்ல போட வேண்டிய சாமான்னு தோணலைக்கா. அது என்னோடது. அது எங்கே போகும்னு இருந்துட்டேன்."

சின்னதாக்கச் சொன்னது முத்திரையம்மாள். பட்டியல் கொடுத்தது தம்பி. வெட்டியது மகன். சரியாகத் தெரிகிறது என்று பார்த்தது மருமகள். நாலு பேரும் 'கண்டேன்' என்று எழுதியிருந்தார்கள். நாலு பேர் கண்டதும் ஒரே கண். அந்த வீட்டின் கண்.

பன்னிரண்டு மணிக்குள் செவிலி திரும்ப அழைத்தாள். இரண்டு நாளில் வீட்டுக்குப் போனவர்கள் பதினேழு பேர். அரை அளவு உள்ளவர்கள் ஆறு பேர். அவர்களில் நாலு பேர் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மருத்துவர் வாயால் சொன்னதை நினைவில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். மீதி இருவரில் ஒன்று அந்தக் குழந்தை. இன்னொருவர் வயதானவர். இரண்டரை மில்லிக்கு இருபது மில்லியை அவர் மகள் இன்று காலை கொடுத்திருந்தாள். ஆம்புலன்ஸ் போயிருக்கிறது.

"எத்தனை மணிக்குக் குடுத்தாங்க?" என்று கேட்டாள் முத்திரையம்மாள்.

"பத்தரைக்குன்னு சொன்னாங்க. நல்லாத்தான் பேசுறாராம். எதுக்கும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டோம்."

பத்தரைக்கு அவள் கையில் திறந்த பேனா இருந்தது. தாளில் ஒன்றரை என்று எழுதி வைத்திருந்தாள்.

அந்தத் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். புதிதாக ஒன்று எடுத்து எழுத ஆரம்பித்தாள். தம்பி எட்டிப் பார்த்தார். பெட்டி வந்த காரணம், எத்தனை பேர், எப்போது முதல் என்று வரிசையாக எழுதியிருந்தாள். அடுத்த வரியில், 'இன்று காலை ஒன்பது இருபதுக்கு எனக்குத் தெரிவிக்கப்பட்டது. பக்கத்தை எடுத்தது பதினொன்று பத்துக்கு' என்று வந்ததும் அவர் கையை நீட்டினார்.

"அக்கா, இது எதுக்கு? தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி போதும். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு ஆயிடும். நமக்கும் மானம் மிஞ்சும்."

மகனும் தொலைபேசியில் அதையே சொன்னான். "அம்மா, நேரமெல்லாம் யாரும் கேக்கலை. கேக்காததை ஏன் எழுதணும்? இருபத்தாறு வருஷம்மா."

"அதனாலதான்டா," என்றாள்.

மருமகள் அத்தையின் செருப்பைக் கதவோரம் எடுத்து வைத்தாள். அது அவள் வேலை இல்லை. முத்திரையம்மாள் அதைப் பார்த்தாள்.

"நீயும் வா," என்றாள். "அவங்க ஏதாவது கேட்டா விவரம் சொல்ல எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

விசாரணை நடந்தது மருத்துவமனையின் ஒரு சின்ன அறையில். நீளமான மேசை, உயரம் ஒத்துவராத நாற்காலிகள், சுவரில் கை கழுவும் முறை எழுதிய அட்டை. மருத்துவர், தலைமைச் செவிலி, குழந்தைகள் நல அதிகாரி ஆகியோர் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் அந்தப் பெண்ணின் கணவனும் அவன் அண்ணனும். அண்ணன் கையில் இன்னும் அந்தக் கைபேசி. அந்தப் பெண் மேசையருகில் உட்காரவில்லை. சுவரோரம் ஒரு முக்காலியில், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நேற்றுக் கட்டிய சேலை அது என்று பார்த்தாலே தெரிந்தது.

முத்திரையம்மாள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். எங்கும் குரல் தழையவில்லை. படித்து முடித்ததும் மருமகள், பெட்டி தெரிந்த படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கணவனின் அண்ணன் தன் கையிலிருந்த கைபேசியைத் திறந்து அதோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு அதை மேசையில் குப்புற வைத்தான்.

அதிகாரி கடிதத்தைத் திரும்பப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஒன்பது இருபதுக்குத் தெரிஞ்சிருக்கு. எடுத்தது பதினொன்று பத்து. நடுவுல ஒரு பெரியவர் இருபது மில்லி குடிச்சிருக்கார். அந்த நேரம் முழுக்க நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எடுக்கச் சொல்லி என் மருமக சொன்னா. நான் மறுத்தேன்."

"ஏன்?"

"எடுத்தா எங்க வீடு தப்புப் பண்ணினதா ஆயிடும்னு." அவள் அதிகாரியை நேராகப் பார்த்தாள். "தப்பு ஏற்கெனவே பண்ணியாச்சு. அது அப்போ எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்க விரும்பலைன்னு சொன்னாத்தான் சரி."

மருத்துவர் குறுக்கிட்டு, பெரியவர் வந்துவிட்டார், பயமில்லை, இரவு வரை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார். குழந்தை பன்னிரண்டு மணிக்குக் கண் திறந்தது, தண்ணீர் கேட்டது என்றார். அதிகாரி தன் தாளில் ஏதோ எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். தாய் மீது கவனக்குறைவு எதுவும் இல்லை. குழந்தை தாயிடமே ஒப்படைக்கப்படும். மருந்துத் தாள் தயாரித்தவர்கள் மீது தனியாக விசாரணை நடக்கும். அது முடியும்வரை அவர்களிடமிருந்து பக்கங்கள் வாங்கப்படாது.

முத்திரையம்மாள் தலையசைத்தாள். அவளுடைய மகன் கதவருகில் நின்று தரையைப் பார்த்தான்.

அந்தப் பெண் முக்காலியிலிருந்து எழுந்து வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை, அவன் அண்ணனையும் பார்க்கவில்லை. முத்திரையம்மாளின் எதிரில் வந்து நின்றாள். முத்திரையம்மாள் திட்டு வாங்கத் தயாராக நிமிர்ந்தாள். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒரு சொல் திருப்பிச் சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டாள்.

"ராத்திரி எவ்ளோ குடுக்கணும்?" என்றாள் அந்தப் பெண்.

முத்திரையம்மாள் தலைமைச் செவிலியைத் திரும்பிப் பார்த்தாள். அதைச் சொல்ல அவளுக்கு இனி உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னிக்குக் குடுக்கக் கூடாதும்மா," என்றாள் தலைமைச் செவிலி பின்னாலிருந்து. "நாளைக்குக் காலைலேருந்து. ஒன்றரை மில்லி. நானே அளந்து காட்டுறேன்."

"ஒன்றரை," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணும் அரையும்."

"ஆமா. ஒண்ணும் அரையும்."

"ஒண்ணும் அரையும்," என்று இன்னொரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டு, மேசையில் குப்புறக் கிடந்த தன் கைபேசியை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண் குழந்தை இருக்கிற வார்டைப் பார்த்து நடந்தாள்.